டால்பின் காட்சிச் சுற்றுலா: வேட்டைக்கும் சிறைக்கும் மாற்று ஆகுமா?

இயற்கை வளத்தைப் பயன்படுத்த இரு வழிகள் உள்ளன. வளத்தையே எடுத்து விற்பது ஒன்று. வளத்தை அதன் இடத்திலேயே விட்டு, அது ஆண்டுதோறும் தரும் பயனை மட்டும் பெறுவது மற்றொன்று. முன்னது முதலைச் செலவழித்து வாழ்வது. பின்னது வட்டியில் வாழ்வது. திமிங்கிலங்களையும், தமிழில் ஓங்கில் எனப்படும் டால்பின்களையும் பொறுத்தவரை, உலகம் நெடுங்காலம் முதல் வழியிலேயே சென்றது. கடந்த எழுபது ஆண்டுகளாக இரண்டாவது வழியும் வளர்ந்து வந்துள்ளது. அவற்றைக் கொல்லாமலும் தொட்டியில் அடைக்காமலும், அவை வாழும் நீரிலேயே கண்டு மகிழும் சுற்றுலா அது. இம்மாற்று எந்நிலையில் வெற்றி பெறும், எந்நிலையில் தோல்வியுறும் என்பதை ஆராய்வது, இத்துறையில் அண்மையில் அடியெடுத்து வைத்துள்ள நம் நாட்டுக்கு இன்றியமையாதது.

வேட்டையின் கணக்கு

விளக்கெண்ணெய், இயந்திர மசகு, செயற்கை வெண்ணெய் ஆகியவற்றின் தேவைக்காகத் திமிங்கிலங்கள் பெருமளவில் வேட்டையாடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறத்தாழ 29 லட்சம் திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. பெரிய திமிங்கிலங்களில் பல, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே ஒரு குட்டியை ஈனுபவை. எனவே இழப்பை ஈடு செய்ய அவற்றால் இயலவில்லை.

இவ்வழிவுக்குப் பேராசை மட்டும் காரணமன்று. கனடா நாட்டுக் கணித அறிஞர் காலின் கிளார்க் 1973இல் ஓர் அரிய உண்மையை எடுத்துக் காட்டினார். ஓர் உயிரினம் பெருகும் வேகம் வங்கி வட்டி விகிதத்தைவிடக் குறைவாக இருந்தால், அவ்வினம் முழுவதையும் இன்றே பிடித்து விற்று, பணத்தை வேறு தொழிலில் இடுவதே இலாபம் தேடுபவருக்கு ஆதாயமாகிவிடும் என்பதே அது. வளம் ஒருவருக்கே உரிமையாக இருந்தாலும் இந்நிலை மாறாது. ஆதலின், மெதுவாகப் பெருகும் உயிரினங்களைச் சந்தை தானாகவே காக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

1946ஆம் ஆண்டின் உடன்படிக்கைப்படி அமைந்த பன்னாட்டுத் திமிங்கில ஆணையம், வணிக வேட்டையை நிறுத்த 1982இல் முடிவெடுத்தது. 1981இல் உறுப்பினரான இந்தியா இம்முடிவை ஆதரித்து வாக்களித்தது. எனினும் நார்வே 1993இலும் ஐஸ்லாந்து 2006இலும் வணிக வேட்டையை மீண்டும் தொடங்கின. ஜப்பான் 2019இல் ஆணையத்திலிருந்தே விலகியது.

சிறைக் காட்சியின் கணக்கு

டால்பின்களைத் தொட்டியில் அடைத்து வித்தை காட்டும் தொழில், வேட்டைக்கு மாற்றாகத் தோன்றலாம். உண்மையில் சில இடங்களில் அது வேட்டைக்குத் துணையாகவே அமைந்துள்ளது. ஜப்பானின் தைஜி என்னும் ஊரில் டால்பின் கூட்டங்கள் விரிகுடாவுக்குள் விரட்டிப் பிடிக்கப்படுகின்றன. அவற்றுள் உயிருடன் காட்சிச் சாலைகளுக்கு விற்கப்படுபவை, இறைச்சிக்கு விற்கப்படுபவற்றைவிடப் பன்மடங்கு விலை பெறுகின்றன.

நம் நாட்டின் பட்டறிவும் கசப்பானதே. சென்னைக்கு அருகே அமைந்த ஒரு கேளிக்கைப் பூங்காவுக்கு 1998இல் பல்கேரியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட டால்பின்கள் சில மாதங்களுக்குள் இறந்தன. பிற்காலத்தில் சில மாநிலங்களில் டால்பின் காட்சிச் சாலைகள் அமைக்கும் திட்டங்கள் எழுந்தபோது, மத்திய அரசு 2013 மே மாதத்தில் அவற்றுக்கு அனுமதியில்லை என அறிவித்தது. சிறைக் காட்சி என்னும் வழி இவ்வாறு நம் நாட்டில் அடைக்கப்பட்டுவிட்டது. ஆகவே எஞ்சியுள்ள இயற்கைக் காட்சி வழியை ஒழுங்காக நடத்தும் பொறுப்பு மிகுந்துள்ளது.

புதிய வருவாய்

1955இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், ஒரு டாலர் கட்டணத்தில் படகில் சென்று திமிங்கிலம் காணும் பயணம் தொடங்கியது. 2008ஆம் ஆண்டுக்கான கணக்கின்படி 119 நாடுகளிலும் ஆட்சிப் பகுதிகளிலும் 1 கோடியே 30 லட்சம் பேர் இத்தகைய பயணம் மேற்கொண்டனர். அவர்கள் செய்த செலவு ஏறத்தாழ 210 கோடி டாலர்.

இவ்வருவாய் யாரைச் சேர்கிறது என்பதற்கு நியூசிலாந்தின் கைகோரா சிறந்த எடுத்துக்காட்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் திமிங்கில வேட்டை நிலையமாக இருந்த ஊர் அது. 1980களில் இரயில்வேத் துறையில் ஆட்குறைப்பு நிகழ்ந்தபோது அங்குள்ள மாவோரிப் பழங்குடியினர் பலர் வேலையிழந்தனர். அவர்களுள் சில குடும்பத்தினர் தங்கள் வீடுகளை அடமானம் வைத்து, 1987இல் திமிங்கிலக் காட்சிப் படகுத் தொழிலைத் தொடங்கினர். இன்று அது அவ்வூரின் முதன்மைத் தொழில்களுள் ஒன்று. தொழிலின் உரிமையும் உள்ளூர் மக்களிடமே உள்ளது.

மாற்றின் எல்லைகள்

ஆயினும், காட்சிச் சுற்றுலா தொடங்கிய இடமெல்லாம் வேட்டை ஒழிந்துவிட்டது எனக் கொள்ளலாகாது. ஐஸ்லாந்தில் 1990களில் இச்சுற்றுலா வளர்ந்தது. பின்னர் வேட்டையும் தொடங்கியபோது இரு தொழில்களும் அருகருகே நடைபெற்றன. திமிங்கிலத்தைக் காண வந்த பயணிகளே உணவு விடுதிகளில் அதன் இறைச்சியைச் சுவைத்ததும் உண்டு. படகோட்டியின் வருவாய் வேட்டைக்காரருக்குப் போய்ச் சேராத வரையில், வேட்டையைக் கைவிட அவருக்குத் தூண்டுதல் இல்லை. எனவே சட்டத் தடையின் இடத்தைச் சுற்றுலா நிரப்பாது. தடையால் இழந்த வருவாயின் இடத்தைத்தான் அது நிரப்பக்கூடும்.

மற்றோர் எல்லையும் உண்டு. பார்ப்பதனால் பொருள் தேய்வதில்லை என்பது பொது நம்பிக்கை. ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே பகுதியில் இது பொய்யாயிற்று. அங்கு உரிமம் பெற்ற சுற்றுலா நிறுவனங்கள் ஒன்றிலிருந்து இரண்டாக உயர்ந்தபின், அப்பகுதியில் காணப்பட்ட டால்பின்களின் எண்ணிக்கை குறைந்ததை 2006இல் வெளியான ஆய்வு காட்டியது. அரசு ஓர் உரிமத்தைக் குறைத்து முடிவெடுத்தது. இரண்டே நிறுவனங்கள் இயங்கிய இடத்திலேயே இந்நிலை என்றால், கட்டுப்பாடற்ற இடங்களில் நேரக்கூடியதை எண்ணிப் பார்க்கலாம்.

சிலிக்கா

இக்கேள்விகள் அனைத்தும் ஒருங்கே எழும் இடம் ஒடிசாவின் சிலிக்கா ஏரி. ஆழம் குறைந்த இந்த உவர்நீர்க் காயல் மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும். 1981இல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் பன்னாட்டுச் சிறப்புடைய சதுப்புநிலமாக அறிவிக்கப்பட்டது. வண்டல் படிந்து கடல்வாய் தூர்ந்து உவர்த்தன்மை குறைந்ததால், 1993இல் சீர்கேடுற்ற சதுப்புநிலங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. சிலிக்கா வளர்ச்சி ஆணையம் 2000ஆம் ஆண்டில் புதிய கடல்வாய் ஒன்றைத் திறந்தது. மீன்வளம் மீண்டது. 2002இல் ஏரியின் பெயர் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இங்கு வாழும் இராவதி டால்பின்கள், அண்மைய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் ஏறத்தாழ 150. உலக அளவில் அருகிவரும் இனம் இது. சதபடா என்னும் ஊரிலிருந்து இவற்றைக் காணப் படகுகள் செல்கின்றன. படகோட்டிகள் பெரும்பாலும் மீனவக் குடும்பத்தினர். மீன்பாடு குறைந்த நாட்களில் இவ்வருவாயே அவர்களைத் தாங்குகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இராவதி டால்பின் துள்ளி விளையாடும் இயல்பு மிகுந்ததன்று. மூச்சுக்காக ஒரு கணம் தலை காட்டி மறையும். பணம் கொடுத்து வந்த பயணிக்கு அது போதுவதில்லை. அருகே கொண்டு செல்லும் படகோட்டிக்கே மதிப்பு மிகுதி. ஒருவர் நெருங்கினால் அடுத்தவரும் நெருங்க வேண்டியுள்ளது. அதனால் வரும் ஆதாயம் அந்தப் படகோட்டிக்கு. இயந்திர இரைச்சலாலும் சுழல்விசிறியின் வெட்டுக் காயங்களாலும் வரும் இழப்பு எல்லாப் படகோட்டிகளுக்கும். பொருளாதார நூல்கள் கூறும் பொதுச்சொத்துச் சிக்கல் இதுவே. இதனைத் தனியொரு படகோட்டியின் குற்றமாகக் காண்பது தவறு. தான் மட்டும் விலகி நின்றால் அவர் இழப்பார். அனைவரும் விலகி நின்றால் யாரும் இழப்பதில்லை. அனைவரையும் ஒரே சமயத்தில் கட்டுப்படுத்தும் விதியே தீர்வாகும்.

கங்கை தரும் பாடம்

கங்கை டால்பின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றது. பீகாரில் சுல்தான்கஞ்ச் முதல் கஹல்காவ் வரையிலான ஆற்றுப்பகுதி 1991இல் அதன் சரணாலயமாயிற்று. 2010இல் அது தேசிய நீர்வாழ் விலங்காக அறிவிக்கப்பட்டது. 2025 மார்ச்சில் வெளியிடப்பட்ட மதிப்பீடு, நாட்டிலுள்ள ஆற்று டால்பின்களின் எண்ணிக்கையை 6,327 எனக் கூறுகிறது.

சட்டம் வந்தபின்னும் கங்கையில் டால்பின்கள் கொல்லப்பட்டதற்கு ஒரு காரணம் அதன் எண்ணெய். சிலவகை மீன்களைக் கவர்ந்திழுக்க மீனவர்கள் அதைப் பயன்படுத்தினர். மீன் கழிவிலிருந்து எடுக்கும் எண்ணெயும் அதே பயனைத் தரும் என்று பாட்னா ஆய்வாளர்கள் செய்து காட்டினர். அந்த மீனவருக்குத் தேவைப்பட்டது சுற்றுலாப் பயணி அல்லர்; வேறோர் எண்ணெய். மாற்று என்பது, வேட்டையாடும் கைக்கு எட்டுவதாக இருக்க வேண்டும்.

நான்கு நிபந்தனைகள்

மேற்கூறியவற்றிலிருந்து பெறப்படுவன வருமாறு:

1. வேட்டைக்கும் பிடிப்புக்கும் உள்ள சட்டத் தடை முதலில் உறுதியாக நிற்க வேண்டும். சுற்றுலா அதற்குத் துணையே.

2. படகு உரிமங்களின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டும். அவ்வுரிமங்கள் உள்ளூர் மீனவர்களுக்கும் அவர்தம் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முதலில் வழங்கப்பட வேண்டும்.

3. நெருங்கும் தொலைவும் வேகமும் விதிக்கப்பட வேண்டும். நியூசிலாந்தின் 1992ஆம் ஆண்டு விதிகள், ஒரு திமிங்கிலத்தின் 300 மீட்டர் சுற்றளவுக்குள் மூன்று படகுகளுக்கு மேல் இருத்தலாகாது என்கின்றன. அனைவர்க்கும் பொதுவான அத்தகைய விதி, நேர்மையான படகோட்டியை இழப்பிலிருந்து காக்கும்.

4. கட்டணத்தின் ஒரு பகுதி ஆண்டுக் கணக்கெடுப்புக்கும் கண்காணிப்புக்கும் ஒதுக்கப்பட வேண்டும். எண்ணிக்கை குறையுமாயின் உரிமங்களும் குறைக்கப்பட வேண்டும்.

இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் நிருவாகத்தினருக்கு எளியவை அல்ல. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெறுவது ஓர் ஏழைக் குடும்பத்தின் வருவாயைத் தொடுவதாகும். ஆதலால் வரம்பைத் தொடக்கத்திலேயே குறைவாக வைப்பது அறிவுடைமை. சிலிக்காவின் முதல் ஏறத்தாழ 150 டால்பின்களே. அம்முதல் குறையாதவரை, சதபடாவின் படகுகளுக்கு ஆண்டுதோறும் வேலை உண்டு. அது கரைந்துவிட்டால், வேட்டைக்காரர் ஒருவரும் இல்லாமலேயே வேட்டையின் விளைவு நேர்ந்துவிடும்.