கல்லறை சொல்லும் கதையும் சொல்லாத கதையும்



மலாக்கா நகருக்குக் கல்விச் சுற்றுலா செல்லும் நாம் கோட்டை வாயிலைக் காண்கின்றோம். குன்றின்மேல் ஏறிப் புனித பவுல் தேவாலயத்தின் இடிந்த சுவர்களையும் காண்கின்றோம். 1521ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பிய ஆலயம் அது. அதே குன்றின் சரிவிலே, மரநிழலில், சிறியதொரு கல்லறைத் தோட்டம் இருக்கின்றது. அதனைக் காணாமலே திரும்புவோர் பலர். அங்கே உறங்கும் போர்வீரர்களின் வரலாற்றை எவ்வாறு ஆராய்ந்தறிவது என்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

முதற்பாடம்: பெயரை நம்பி முடிவு செய்யாதே

அத்தோட்டத்தை ‘டச்சுக்காரர் கல்லறை’ என்று அழைப்பர். ஆனால் அங்குள்ள 38 கல்லறைகளில் டச்சுக்காரருடையவை ஐந்தே. எஞ்சிய 33 ஆங்கிலேயருடையவை. டச்சுக்காரர் 1670 முதல் 1682 வரையிலும், ஆங்கிலேயர் 1818 முதல் 1838 வரையிலும் இங்கே தம்மவரை அடக்கம் செய்தனர். ஊரார் வழங்கும் பெயர் ஒன்று, உண்மை வேறொன்று. ஆராய்ச்சியாளன் கண்ணால் கண்டதையும் எண்ணிப் பார்த்த பின்னரே எழுதவேண்டும்.

இரண்டாம் பாடம்: கல்லைப் படித்தல்

பழைய கல்லில் எழுத்துகள் மழையாலும் பாசியாலும் மங்கியிருக்கும். உச்சி வெயிலில் அவை தெரியமாட்டா. காலையிலோ மாலையிலோ கதிரொளி சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும். அப்போது படிக்க இயலும். கல்லைச் சுரண்டுவதும், சுண்ணக்கட்டியால் தேய்ப்பதும் தகாத செயல்கள். நாம் படித்துச் சென்ற பின்னும் கல் அங்கே நிற்கவேண்டுமன்றோ? எழுத்துகளை உள்ளபடியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. தெரியாத எழுத்துக்குப் புள்ளி வைத்திடுக; ஊகித்து நிரப்பாதீர்.

போர்வீரனின் கல்லில் பொதுவாக நான்கு செய்திகளைத் தேடவேண்டும்: பெயர், பதவி, படைப்பிரிவு, இறந்த நாள். இவற்றுள் படைப்பிரிவே பெருந்திறவுகோல். அவன் எங்கிருந்து வந்தான், எப்போரில் நின்றான் என்பவற்றை அதுவே காட்டிக்கொடுக்கும்.

மூன்றாம் பாடம்: போரை அறிதல்

இத்தோட்டத்தில் ஜேம்ஸ் வைட், ஈ. வி. ஹார்டிங் என்னும் இரு இலெப்டினண்டுகளின் பெயர்களைக் காண்கின்றோம். இவர்கள் நானிங் போரில் மாண்டவர்கள். அப்போர் எதனால் மூண்டது?

நானிங் என்பது மலாக்கா நகருக்கு வடக்கே இருந்த சிறிய நிலப்பகுதி. அதன் தலைவர் டோல் சாயிட். டச்சுக்காரர் காலத்தில் நானிங் மக்கள் ஆண்டுக்கு 400 கந்தாங் நெல்லை மட்டும் அடையாளமாகச் செலுத்தி வந்தனர். 1824ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் மலாக்கா ஆங்கிலேயர் வசமாயிற்று. புதிய ஆட்சியாளர் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கேட்டனர். டோல் சாயிட் மறுத்தார்.

1831ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஏறத்தாழ 150 சிப்பாய்களும் இரண்டு பீரங்கிகளும் கொண்ட படை நானிங்கை நோக்கிப் புறப்பட்டது. நானிங் மக்கள் மரங்களை வெட்டிப் பாதையில் சாய்த்தனர். உணவு வரும் வழியை அடைத்தனர். படை பீரங்கிகளையும் கைவிட்டுப் பின்வாங்கியது. மறு ஆண்டு பெரும்படை வந்தது. காட்டை வெட்டிப் பாதை அமைத்துக்கொண்டே அது முன்னேற வேண்டியிருந்ததால், தலைநகராகிய தாபோவை அடையப் பல வாரங்கள் பிடித்தன. 1832ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் தாபோ வீழ்ந்தது. டோல் சாயிட் 1834இல் சரணடைந்தார். ஆட்சியாளர் அவரைத் தண்டிக்கவில்லை. ஓய்வூதியம் அளித்து மலாக்காவில் வாழச் செய்தனர். சில மூட்டை நெல்லுக்காக நடந்த இப்போருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் பவுன் செலவாயிற்று என்பர்.

நான்காம் பாடம்: ஏடுகளைத் தேடுதல்

அப்போரைப் பற்றிக் கூறும் அக்கால நூல்கள் இரண்டு உண்டு. மதராஸ் பீரங்கிப்படையைச் சேர்ந்த பெக்பி எழுதிய நூல் 1834இல் மதராஸிலே அச்சாயிற்று. மதராஸ் காலாட்படையின் 23ஆம் பிரிவைச் சேர்ந்த நியூபோல்ட் எழுதிய நூல் இரு பாகங்களாக 1839இல் இலண்டனில் வெளிவந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரிகளின் பெயர்களை அகர வரிசையில் தரும் பட்டியலொன்றை டாட்வெல், மைல்ஸ் என்னும் இருவர் 1838இல் வெளியிட்டனர். இலண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில் கம்பெனியின் பதிவேடுகளும் தேவாலய அடக்கக் குறிப்புகளும் காக்கப்படுகின்றன. மதராஸ் அரசின் பழைய ஆவணங்கள் சென்னை எழும்பூரிலுள்ள ஆவணக்காப்பகத்தில் உள்ளன. கல்லில் கண்ட தேதியை ஏட்டில் கண்ட தேதியோடு ஒப்பிடவேண்டும். கல்வெட்டுபவனும் தவறு செய்யக்கூடும். ஏடு எழுதுபவனும் தவறு செய்யக்கூடும். இரண்டும் ஒத்துவரும் இடத்திலேதான் நாம் உறுதியாகக் கால் ஊன்றலாம்.

ஐந்தாம் பாடம்: கல்லில் இல்லாதவரைத் தேடுதல்

இங்கேதான், மாணவர்களே, நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும்.

நானிங் போரில் நடந்த படைகள் பெரும்பாலும் மதராஸ் படைகள். மேலே கூறிய 23ஆம் பிரிவுக்கு ‘வாலாஜாபாத்’ என்னும் பெயரும் உண்டு. அது காஞ்சிபுரத்தை அடுத்த ஊரின் பெயர். அப்படைகளில் துப்பாக்கி ஏந்தியவர்கள் தமிழும் தெலுங்கும் பேசிய சிப்பாய்கள். கடல் கடந்து வந்து, அறியாத காட்டில், அட்டைகளுக்கும் காய்ச்சலுக்கும் நடுவே அவர்கள் நடந்தார்கள். அவர்களிலும் மாண்டோர் உண்டு. ஆயினும் அதிகாரியின் பெயர் கல்லில் இருக்கின்றது. சிப்பாயின் பெயர் அங்கே இல்லை. டாட்வெல், மைல்ஸ் பட்டியலும் அதிகாரிகளுக்கே உரியது.

போரில் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி வழிபட்ட மரபு நம்முடையது. கல்லைத் தேர்வது தொடங்கி அதனை வாழ்த்துவது வரையிலான படிகளைத் தொல்காப்பியம் வகுத்துக் கூறுகின்றது. அத்தகைய மரபில் வந்த வீரர்கள் இம்மண்ணில் ஒரு கல்லுமின்றி மறைந்தனர். அவர்களை எதிர்த்து நின்றவர்களும் தம் மண்ணையும் நெல்லையும் காக்கவே நின்றனர் என்பதையும் மறத்தலாகாது. 1849இல் மறைந்த டோல் சாயிட்டின் கல்லறை தாபோ நானிங்கில் இன்றும் போற்றப்படுகின்றது. வைட்டின் பெயரை மட்டும் எழுதினால் வரலாற்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். டோல் சாயிட்டையும், பெயரறியாச் சிப்பாயையும் சேர்த்து எழுதினால்தான் அது முழுமை பெறும்.

நாம் செய்யவேண்டியது

பெற்றோர்களே! தோட்டத்து உழைப்பாளத் தோழர்களே! காட்டை அழித்து இரப்பர் நட்ட நம் முன்னோர் பலருக்கும் கல் இல்லை. மூங்கிற் கழியும் மண்மேடும் சில மழைக்காலங்களில் கரைந்துபோயின. ஆனால் அவர்கள் பெயர் இன்னும் நம் வீட்டுப் பாட்டியின் நினைவில் இருக்கின்றது. சிப்பாய்களின் பெயரை எழுதி வைக்க அன்று எவரும் முன்வரவில்லை. நம் முன்னோரின் பெயரை எழுதி வைக்க நம் பிள்ளைகள் இருக்கின்றார்கள். இன்றிரவே பிள்ளையை அருகில் அமர்த்தி, பாட்டனார் பெயர், அவர் பிறந்த ஊர், கப்பலேறிய ஆண்டு, வேலை செய்த தோட்டம், மறைந்த நாள் ஆகியவற்றைச் சொல்லுங்கள். பிள்ளை எழுதட்டும். கல்லில் வெட்டப் பொருள் வேண்டும்; ஏட்டில் எழுத ஒரு பென்சில் போதும்.

பயிற்சி

1. ‘டச்சுக்காரர் கல்லறை’ என்னும் பெயர் ஏன் முழுவதும் பொருந்தாது?
2. போர்வீரனின் கல்லில் தேடவேண்டிய நான்கு செய்திகள் யாவை?
3. கல்லையும் ஏட்டையும் ஏன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்?
4. உம் குடும்பத்தில் மறைந்த மூத்தோர் ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைப் பத்து வரிகளில் எழுதுக. அச்செய்தியை உமக்குக் கூறியவர் யார் என்பதையும் அடியில் குறிப்பிடுக.