மசக்கைக் காலமும் மெல்லிய தேகப்பயிற்சியும்

"புள்ள தங்கினதும் இவளுக்கு வந்த பாசாங்கப் பாரு! நாங்கெல்லாம் வாந்தி எடுத்துக்கிட்டேதான் கொழுந்து எடுத்தோம்." லயங்களில் இந்தப் பேச்சு இன்னும் கேட்கிறது. ஆகவே தாய்மாருக்குச் சொல்லுமுன், மாமியார்மாருக்கும் வீட்டுக்காரர்களுக்கும் மலையில் நிற்கும் கங்காணிமாருக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மசக்கை பாசாங்கு அல்ல.

இங்கிலாந்தின் கேம்பிரிஜ் பல்கலைக்கழகத்தார், நமது இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வை 2023 இல் வெளியிட்டார்கள். வயிற்றில் வளரும் கருவிலிருந்து 'ஜி.டி.எஃப். 15' என்னும் ஹோர்மோன் தாயின் இரத்தத்தில் கலந்து, மூளைக்குப் போய்க் குமட்டலை உண்டாக்குகிறது. கர்ப்பத்துக்கு முன் இது யார் உடம்பில் குறைவாக இருந்ததோ, அவளுக்குத்தான் திடீரென்று கூடும்போது தாங்க முடியாமல் போகிறது. தலசீமியா என்ற இரத்த நோய் உள்ள பெண்களுக்கு இந்த ஹோர்மோன் எப்போதுமே அதிகம். அவர்களுக்கு மசக்கை மிகக் குறைவு. ஒருத்தி ஓடியாடித் திரிய, பக்கத்து வீட்டுக்காரி பாயை விட்டு எழும்ப முடியாமல் கிடப்பது இதனால்தான். மனத்தைரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

பத்துப் பேரில் ஏழு பேருக்காவது மசக்கை வரும். பெரும்பாலும் ஆறாவது வாரத்தில் ஆரம்பித்து, நாலாம் மாசத்தில் அடங்கிவிடும். காலையில் மட்டுந்தான் வரும் என்பதில்லை, அந்தியிலும் வரும்.

நம்மவர்கள் செய்வது என்ன? விடியற்காலையில் வெறும் வயிற்றில் கடுஞ்சாயத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிறார்கள். வெறும் வயிறுதான் குமட்டலைக் கூட்டும். இரவே ஒரு காய்ந்த ரொட்டித் துண்டோ இரண்டு கிறீம் கிரேக்கர் பிஸ்கட்டோ தலைமாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். எழும்புமுன் அதை மென்று தின்று, கால் மணி நேரம் கழித்து மெதுவாக எழும்புங்கள். மலைக்கும் கொஞ்சம் கொண்டுபோய், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இஞ்சி தட்டிப் போட்ட தண்ணீரோ சாயம் குறைந்த இஞ்சித் தேத்தண்ணியோ நல்லது. கஞ்சியும் ஆகும். குமட்டலுக்கு வெற்றிலையும் புகையிலையும் போடுவது மட்டும் வேண்டாம். புகையிலை பிள்ளையின் எடையைக் குறைக்கும்.

ஒற்றைக் காம்பராவில் புகை போக வழியில்லாமல் கருவாடு பொரித்தால், நல்ல உடம்புக்காரருக்கே தலை சுற்றும். இந்த இரண்டு மூன்று மாசத்துக்கு அடுப்படி வேலையை வீட்டுக்காரர் பார்க்கட்டுமே! ரொட்டி சுடத் தெரியாத ஆம்பிளை தோட்டத்தில் உண்டா என்ன?

மூன்று மாசம் வரை வெளியே சொல்லக்கூடாது, கண்ணூறு படும் என்று மறைப்பவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குச் சொல்ல வேண்டாம். மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சொல்லுங்கள். எட்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். பிள்ளையின் மூளையும் முள்ளந்தண்டும் முதல் வாரங்களிலேயே உருவாகிவிடுகின்றன. அதற்கான போலிக் அமில வில்லையைப் பிந்தித் தொடங்கினால் பலன் குறையும். கடையில் கேட்டு வாந்தி மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். 1957 முதல் 1961 வரை ஜெர்மனியில் விற்ற தலிடோமைட் என்ற மருந்தை மசக்கைக்குச் சாப்பிட்ட தாய்மாருக்கு, கை கால் வளராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்தன. இப்போது பயமில்லாத மருந்துகள் உண்டு, ஆனால் டொக்டர்தான் தர வேண்டும்.

இனி தேகப்பயிற்சி. "மலை ஏறி இறங்குற எங்களுக்கு எதுக்குங்க எக்ஸர்சைஸ்?" என்று கிளினிக்கில் சிரிப்பார்கள். கேள்வி நியாயந்தான். ஆனால் சரிவில் ஒரு காலை ஊன்றி, பாரத்தை முதுகில் போட்டு நாள் பூராவும் நிற்பது உடம்பை இறுக்கும் வேலை. பயிற்சி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு. வேலை முடிந்து, கொஞ்சம் ஆறி, பத்துப் பதினைந்து நிமிஷம் போதும். உட்கார்ந்து கணுக்கால்களை வட்டமாகச் சுற்றுங்கள். தோள்களைப் பின்பக்கமாக உருட்டுங்கள். பாயில் முழங்காலும் கைகளும் ஊன்றி, பூனை மாதிரி முதுகை மெதுவாக மேலே வளைத்து, பிறகு நேராக்குங்கள். இதை ஐந்தாறு தடவை செய்தால் இடுப்பு வலிக்குச் சுகம். சிறுநீரை அடக்குவது போல அடித்தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விடுங்கள், பத்துத் தடவை. மலைக்குப் போகாதவர்கள் சமதரையில் அரை மணி நேரம் நடக்கலாம். பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் அளவு சரி. மூச்சு வாங்கினால் நிறுத்துங்கள். வாந்தி கடுமையான நாளில் பயிற்சி வேண்டாம், படுத்திருங்கள். முன்னே கரு கலைந்தவர்களும் இரத்தம் பட்டவர்களும் டொக்டரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கங்காணிமாருக்கும் ஒரு வார்த்தை: மசக்கைக்காரிக்குச் செங்குத்தான மலையை விட்டுத் தட்டையான மலையில் நிரை கொடுங்கள். மருந்தடிக்கும் பக்கம் அவளை அனுப்பவே வேண்டாம்.

ஒரு நாள் பூராவும் தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து கடும் மஞ்சளாகப் போகிறது, எழும்பினால் மயக்கம், அடிவயிற்று வலி, காய்ச்சல், இரத்தம் படுகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஜீவனி கரைத்து மிடறு மிடறாகக் கொடுத்துக்கொண்டே, தெல்தெனியவோ மெனிக்கின்னவோ, எது கிட்டவோ அந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வாகனம் கிடைக்காவிட்டால் 1990 க்கு அழையுங்கள், அம்புலன்ஸுக்குக் காசில்லை. அழைப்பவர் தோட்டத்தின் பேரோடு டிவிஷனையும், வண்டி எந்தச் சந்தி வரை வரலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.