சுழலும் புவியும் உணராத உடலும்

நிலநடுக்கோட்டில் நிற்கும் ஒருவரைப் புவி மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர் விரைவில் கிழக்கு நோக்கிச் சுமந்து செல்கிறது. அவரோ அசையாமல் நிற்பதாகவே உணர்கிறார்.

ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்கு முன்பே புவி தன்னைத்தானே சுற்றுகிறது என்றார் ஆரியபட்டர். ஓடத்தில் செல்பவருக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கி நகர்வதுபோல, விண்மீன்கள் மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன என்பது அவர் விளக்கம். வராகமிகிரர் அதை ஏற்கவில்லை. புவி சுழன்றால், கூட்டைவிட்டுப் பறந்த பறவை மீண்டும் கூடு சேர்வது எங்ஙனம் என்று வினவினார். எளிதில் தள்ளிவிடக்கூடிய வினாவன்று அது.

விடை நிலைமத்தில் உள்ளது. சீராக ஓடும் தொடர்வண்டியினுள் மேலே எறிந்த பந்து எறிந்தவர் கைக்கே திரும்புகிறது. வண்டியின் விரைவு பந்துக்கும் உண்டு. அவ்வாறே மரமும் கூடும் பறவையும், அது பறக்கும் காற்றும் புவியோடு சேர்ந்தே செல்கின்றன. மேலும், நம் உடல் உணர்வது விரைவை அன்று. விரைவிலோ திசையிலோ நேரும் மாற்றத்தையே. வண்டி புறப்படும்போதும் நிற்கும்போதும் வளைவில் திரும்பும்போதுமே நாம் தள்ளாடுகிறோம்.

சுழற்சியிலும் திசைமாற்றம் உண்டே எனலாம். உண்டு, ஆனால் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகிறது. அதனால் நிலநடுக்கோட்டில்கூட, 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுழற்சியால் குறைவது ஏறத்தாழ 200 கிராம். ஒரு குவளை நீரின் எடை.

உடல் உணராததை ஊசல் காட்டியது. 1851இல் பாரிசு நகரின் பாந்தியன் மண்டபத்தில் ஃபூக்கோ 67 மீட்டர் நீளக் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். அது ஆடும் தளம் மணிக்கு ஏறத்தாழ 11 பாகை திரும்புவதாகக் கூடியிருந்தோர் கண்டனர். ஊசலை எவரும் திருப்பவில்லை. அவர்கள் நின்ற தரையே திரும்பிக்கொண்டிருந்தது.