ஸ்கானரில் எட்டும் அலைவரிசைகள்

கேள்வி: விமானிகளின் சம்பாஷணையை ஸ்கானரில் கேட்கலாமாமே, சாதாரணப் பண்பலை வானொலியில் அது ஏன் கேட்பதில்லை?

பதில்: பண்பலை வரிசை 108 மெகாஹெர்ட்ஸோடு முடிவடைய, அதற்கு அப்பால், வழிகாட்டும் சமிக்ஞைகளுக்கென ஒதுக்கிய பகுதியையும் கடந்து, 118 முதல் 137 வரையில்தான் விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரத்தாரும் பேசிக்கொள்கிறார்கள். பண்பலை அத்தனை தெளிவாக இருந்தும் அவர்கள் இன்றளவும் பழைய வீச்சுப் பண்பேற்ற முறையையே அனுசரித்து வருவதற்குத் தக்க காரணம் உண்டு. பண்பலையில் இருவர் ஏககாலத்தில் பேசினால் வலிய அலை மெலியதை அடியோடு விழுங்கிவிடும். வீச்சுப் பண்பேற்றத்திலோ இரண்டும் மோதிக் கீச்சொலி எழுவதால், இன்னொருவரும் அழைக்கிறார் என்றுணர்ந்து, மறுபடி சொல்லும்படி கோபுரத்தார் கேட்க இயலுகிறது. காதுக்கு இனிமையற்ற அந்தக் கீச்சொலியை உயிர்காக்கும் ஒலியென்றே நான் மதிக்கிறேன்.

ஆபத்துக்கால அழைப்புக்கு விமானங்களுக்கு 121.5, கப்பல்களுக்கு 156.8, அதாவது 16-ஆம் சானல். இடையே 144-க்கு மேல் அமெச்சூர் வானொலியாரின் பகுதி. சர்வதேச விண்வெளி நிலையம் நம் தலைக்கு மேலே கடக்கும் சில நிமிஷங்களில், பள்ளிப் பிள்ளைகளோடு விண்வெளி வீரர் பேசும் குரல் 145.8-இல் எப்போதேனும் கிட்டுவதுண்டு. கப்பல்களும் அமெச்சூர்களும் பெரும்பாலும் பண்பலை முறையையே கையாளுவதால், கருவி வாங்குமுன் அதில் இருமுறைகளும் உண்டா என்று அவசியம் விசாரியுங்கள்.