வானத்தில் நகரும் கல்

புனே நகரில் ஔந்த் என்று ஒரு பகுதி. அங்கே ஒரு தாய் கட்டட வேலை செய்கிறார். அவருடைய சொந்த ஊர் ஆலங்காயம்.

ஒருநாள் வேலை நடக்கும் இடத்தில் ஒரு வதந்தி பரவியது. "வானத்திலிருந்து பெரிய கல் விழப் போகிறதாம். உலகமே அழியுமாம்."

தாய் பயந்துபோனார். "சேர்த்த பணத்தை எடுத்துக்கொண்டு ஊருக்கே போய்விடுவோம்" என்றார்.

மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். "கொஞ்சம் பொறு, அம்மா. அயூகாவில் இதைப் பற்றிச் சொன்னார்கள்" என்றாள்.

அயூகா ஒரு வானியல் ஆராய்ச்சி மையம். ஔந்துக்கு அருகே, புனே பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது. தேசிய அறிவியல் நாளையொட்டி மகள் பள்ளியிலிருந்து அங்கே போயிருந்தாள்.

"வானத்தில் கல் இருப்பது உண்மையா?"

"உண்மைதான், அம்மா. பூமியைப் போலவே செவ்வாயும் வியாழனும் சூரியனைச் சுற்றுகின்றன. அவை இரண்டுக்கும் இடையில் லட்சக்கணக்கான பாறைகள் சுற்றுகின்றன. அவற்றைச் சிறுகோள்கள் என்பார்கள்."

"அவை பூமியில் விழுமா?"

"சில கற்கள் பூமிப் பக்கம் வரும். சிறிய கற்கள் காற்றிலேயே எரிந்துவிடும். பெரிய கல் விழுவது மிக அரிது. இதே மகாராஷ்டிரத்தில் லோணார் ஏரி இருக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல் விழுந்து உண்டான பள்ளம் அது. அகலம் சுமார் 1.8 கிலோமீட்டர்."

"ஐயோ! கல் வருவதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?"

"வானத்தின் ஒரே பகுதியைச் சற்று நேரம் விட்டு விட்டுப் படம் எடுப்பார்கள். நட்சத்திரங்கள் அதே இடத்தில் இருக்கும். ஒரு புள்ளி மட்டும் நகர்ந்திருந்தால், அது சிறுகோளாக இருக்கலாம். இருட்டில் ஒரு விளக்கு மட்டும் நகர்ந்தால், யாரோ லாந்தரோடு நடக்கிறார் என்று தெரிகிறதே, அதுபோல. பிறகு அது போகும் பாதையைக் கணக்கிடுவார்கள். நம் ஊர்ப் பக்கம் காவலூரிலும் இந்த வேலை நடந்தது."

"ஜவ்வாது மலைக் காவலூரா? அந்த உருண்டைக் கூரைக் கட்டடமா? அங்கே என்ன நடக்கிறது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாதே!"

"அங்கேதான் 1988 பிப்ரவரி 17 அன்று ராஜமோகன் என்ற விஞ்ஞானி ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்கு வைத்தார்கள். அதற்கு முன்பே, 1861-ல் சென்னை வானாய்வகத்தில் போக்சன் என்பவர் ஒரு சிறுகோளைக் கண்டார். அதன் பெயர் ஆசியா."

"கல் நம்மை நோக்கி வந்தால்?"

"முன்கூட்டியே தெரிந்தால் விலக்க முயலலாம். 2022-ல் அமெரிக்காவின் நாசா ஒரு சிறிய விண்கலத்தை டிமார்ஃபாஸ் என்ற கல்லின் மீது மோதவிட்டது. கல்லின் பாதை மாறியது. இதுவரை தெரிந்த பெரிய கற்களில் எதுவும் அடுத்த 100 ஆண்டுகளில் பூமியில் மோதும் என்று கணக்கு சொல்லவில்லை. கண்ணில் படாத கற்களும் உண்டு. அதனால்தான் இரவுதோறும் வானத்தைப் பார்க்கிறார்கள்."

தாய் பணத்தை எடுக்கவில்லை. மறுநாள் வேலையிடத்தில் மீண்டும் அதே பேச்சு. அவர் நிதானமாகக் கேட்டார்: "கல் விழும் என்று சொன்னது யார்? கணக்குப் போட்டுப் பார்த்தார்களா?"

யாரும் பதில் சொல்லவில்லை.

சிந்தியுங்கள்:
1. நட்சத்திரத்தையும் சிறுகோளையும் எப்படிப் பிரித்தறிகிறார்கள்?
2. உங்கள் ஊரில் பரவிய வதந்தி எது? அதை எப்படிச் சரிபார்த்தீர்கள்?