இராக்கண் விழிப்போர் கவனத்திற்கு

உழவர் பெருமக்களே! இரவில் மும்முனை மின்சாரம் வரும்வரை மோட்டார்க் கொட்டகையில் காத்திருந்து, நீர் பாய்ச்சிவிட்டு, விடிந்ததும் மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுபவரா நீங்கள்? அப்படியானால் பழவேற்காடு மீனவரின் தொல்லையும் உங்கள் தொல்லையும் ஒன்றே.

நம் நாட்டில் சில்காவுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இறால் வகைகளில் பல பகலில் மண்ணுக்குள் ஒடுங்கி, இருட்டியபின் வெளிவருவதால் இறால் வலைக்கு இரவே ஏற்றது. நல்ல மீன்பிடி இடங்களைக் குப்பத்து மீனவர்கள் 'பாடு' என்னும் முறையில் பங்கிட்டுக் கொள்கின்றனர். நாம் ஏரிப்பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போன்றதே இது. தம் முறை வந்த இரவில் எவரும் தூங்கிவிட முடியாது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. கடல் நீரின் ஏற்றமும் வடிதலும் நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்துகின்றன. ஆலைத் தொழிலாளிக்கு இரவு ஷிப்டு என்றால் அந்த வாரம் முழுவதும் ஒரே நேரம். வடிநீரை நம்பி வலை கட்டுபவருக்கு அந்த வசதியும் இல்லை. நம் உடலுக்குள் ஒரு கடிகாரம் இருக்கிறது. அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகள் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர். இக்கடிகாரம் சூரிய ஒளியைப் பார்த்து ஓடுவது. நிலவைப் பார்த்து அன்று. எனவே காலையில் படுத்தாலும் தூக்கம் பாதியில் கலைந்துவிடும்.

வயது வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். அது தொடர்ந்து குறைந்தால் இரத்த அழுத்தம் கூடும், பசி தாறுமாறாகும், சளி எளிதில் பற்றும். சர்க்கரை நோய்க்கும் வழி திறக்கும். சிகாகோ நகரில் நோயற்ற 11 இளைஞர்களை ஆறு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்கவிட்டுச் சோதித்தனர். 1999-இல் வெளியான அம்முடிவின்படி, அவர்கள் இரத்தத்தில் ஏறிய சர்க்கரை இறங்குவதற்குத் தாமதமாயிற்று. ஆறே இரவுகளில் இந்த நிலை!

உடனடி ஆபத்து வேறு. காலை 5 மணிக்கு எழுந்தவர் இரவு 10 மணிக்கும் விழித்திருந்தால் 17 மணி நேரம் ஆகிறது. அப்போது அவருடைய கையும் கண்ணும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் சாராயம் உள்ளவரைப் போல மந்தமாகின்றன. நம் நாட்டுச் சட்டம் வண்டி ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் எல்லையோ 30 மில்லிகிராம்தான். ஒரு சொட்டும் குடிக்காதவர், இறால் பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் பொன்னேரிச் சாலையில் மோட்டார் சைக்கிளில் போகும்போது இதை நினைக்க வேண்டும்.

"நான் எட்டு மணி நேரம் படுக்கிறேனே" என்பீர்கள். பழவேற்காட்டுக்குத் தெற்கேயுள்ள சென்னையில் குறைந்த வருவாயுள்ள 452 பேரிடம் நடத்திய ஆய்வு 2021-இல் வெளியாயிற்று. அவர்கள் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தும் தூங்கியது ஐந்தரை மணி நேரமே. வெக்கை, கொசு, இரைச்சல் ஆகியவற்றால் அடிக்கடி விழித்தனர். இரவுத் தூக்கத்தைச் சுமார் அரை மணி கூட்டியும் வேலையில் பெரிய மாற்றமில்லை. ஆனால் பிற்பகலில் அரை மணி கண்ணயர்ந்தவர்களின் வேலைத்திறனும் மனநலமும் மேம்பட்டன. பகல் தூக்கத்தைச் சோம்பல் என்று ஏசும் பெரியவர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம்.

ஆகவே பாடு முறையோ நீர் முறையோ வரும் நாளில், பிற்பகலிலேயே சிறிது தூங்கிவிடுங்கள். கொசுவலை அவசியம். தேநீர் வேண்டுமானால் இரவின் முற்பகுதியில் குடியுங்கள். விடியும் நேரத்தில் குடித்தால் காலைத் தூக்கம் கெடும். வீடு திரும்பியதும் சன்னலைத் துணியால் மறைத்து இருட்டாக்கிப் படுங்கள். கண்விழித்த மறுநாள் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது; அளவு தவறும், காற்றின் திசையும் கவனத்துக்கு வராது.

உரக்கக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி எழுபவர்கள் எவ்வளவு தூங்கினாலும் பகலில் அசதியாகவே இருப்பார்கள். இதைத் தூங்குபவர் அறியமாட்டார். பக்கத்தில் படுத்திருக்கும் வீட்டாரே சொல்ல வேண்டும். அத்தகையோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று மருத்துவரிடம் காட்டுவதோடு, இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக் கொள்ளவும்.