தங்க முலாமுக்குச் செய்கூலி உண்டா?

கேள்வி: ஹெட்போன் முனைக்கு ‘ஜாக்’ என்று பெயர் வந்தது எப்படி? பெரியது, சின்னது என இரண்டு அளவு ஏன்? நடுவில் அடாப்டர் செருகினால் ஒலி கெடுமா? (வாசகர், காரைக்குடி)

பதில்: எல்லாப் புகழும் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கே. எதைக் கேட்டாலும் பதில்காரர் கடைசியில் எக்ஸ்சேஞ்சில்தான் கொண்டுபோய் நிறுத்துவார் என்று இந்த அலுவலகத்தில் ஒரு கேலி உண்டு. இந்த முறை அவர்மேல் தப்பில்லை.

1878 ஜனவரியில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் முதல் வணிக எக்ஸ்சேஞ்ச் திறந்தது. மொத்தம் 21 சந்தாதாரர்கள். அதன் ஸ்விட்ச்போர்டை ஜார்ஜ் காய் என்பவர் தம் கையாலேயே செய்தார். குதிரை வண்டியின் போல்ட்டுகள், டீ கெட்டில் மூடியின் கைப்பிடிகள் எல்லாம் அதில் இருந்தன. கம்பிக்கு எங்கே போவது? பெண்களின் பாவாடை பின்பக்கம் எடுப்பாக நிற்க, உள்ளே வைத்துத் தைக்கும் கம்பி அந்தக் காலத்தில் கிடைத்தது. அதையே இழுத்துக் கட்டிவிட்டார். பாவாடைக் கம்பி வழியாக ஊர் பேசியது. இன்றைய ஆடியோ ஒயர் விளம்பரம் போல ‘ஆக்சிஜன் நீக்கிய செம்பு’ வேண்டும் என்று 21 பேரில் ஒருவரும் அடம்பிடிக்கவில்லை.

பிறகு சார்ல்ஸ் ஸ்க்ரிப்னர் என்ற பொறியாளர் மடக்குக் கத்தி போன்ற ஒரு ஸ்விட்சைச் செய்தார். மடக்குக் கத்திக்கு அங்கே ‘ஜாக் நைஃப்’ என்று பெயர். கத்தி போய்விட்டது, ஜாக் தங்கிவிட்டது. அழைப்புகளை இணைக்க ஆபரேட்டர்கள் நாள் முழுக்கச் செருகிப் பிடுங்கிய அந்தக் கால் அங்குல முனை, அதாவது 6.35 மில்லிமீட்டர், இன்றும் கிடார், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றிலும் இருக்கிறது. டிரான்சிஸ்டர் ரேடியோ பைக்குள் வந்ததும் முனை 3.5 மில்லிமீட்டராக இளைத்தது. 1979-இல் வந்த வாக்மேன் அதை உலகத்தின் காதில் மாட்டியது.

அடாப்டரா? சின்னதைப் பெரியதாக்கும் அடாப்டர் வெறும் உலோகம். தளர்ந்துபோனால் கரகரக்கும், அவ்வளவுதான். 2016-இல் ஐபோன் 7 காதோட்டையை அடைத்ததும், கூடவே வந்த குட்டி ஒயர் வேறு ஜாதகம். டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் சிப் ஒன்று அதன் முனைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அது மட்டமாக இருந்தால் காதுக்குத் தெரியும்.

கேள்வி: தங்க முலாம் பூசிய முனை வாங்கினால் பாட்டு இனிக்குமாமே? கடைக்காரர் சத்தியம் செய்கிறார். (வாசகி, தூத்துக்குடி)

பதில்: மின்சாரத்துக்கு நகைக்கடை மரியாதை தெரியாது. கடத்தும் திறனில் வெள்ளி முதலிடம், செம்பு இரண்டாமிடம், தங்கம் மூன்றாமிடம்தான். தங்கத்தின் பெருமை வேறு: அதற்குக் களிம்பு ஏறாது. தூத்துக்குடியின் உப்புக் காற்றில் அது நல்ல குணம். பாட்டு இனிக்காது, நாலு வருஷம் கழித்தும் கரகரக்காது. மற்ற முனைகளுக்குக் களிம்பு ஏறினால் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.

ஒயரில் உண்மையிலேயே பார்க்க வேண்டியது பருமனும் நீளமும். எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை 5 மீட்டர் இழுத்தால், போக வர 10 மீட்டருக்குத் தடை சுமார் 0.11 ஓம். 8 ஓம் ஸ்பீக்கரில் அதனால் குறைவது ஏறக்குறைய 0.1 டெசிபல். அதைக் கண்டுபிடிக்கும் காது இன்னும் பிறக்கவில்லை. (டெசிபலே டெலிபோன் கேபிளில் குரல் எவ்வளவு தேய்கிறது என்று அளக்க அமெரிக்காவில் உண்டாக்கிய கணக்குதான். பதில்காரரை இனி யாரும் கேலி செய்ய வேண்டாம்.)

தடித்த ஸ்பீக்கர் ஒயரைத் தனிச் சரக்காக்கிப் பெரிய வியாபாரம் செய்தவர் நோயல் லீ. லேசர் ஆய்வுக்கூடப் பொறியாளர், டிரம்ஸ் வாசிப்பவர். 1979-இல் மான்ஸ்டர் கேபிள் தொடங்கினார். விலை அதோடு நிற்கவில்லை. 2007-இல் பியர் என்ற நிறுவனத்தின் ஆஞ்சூ கேபிள் 12 அடிக்கு 7,250 டாலர். சாதாரண ஒயரிலிருந்து இதைக் காதால் பிரித்துக் காட்டினால் 10 லட்சம் டாலர் தருவதாக ஜேம்ஸ் ராண்டி அறிவித்தார். இவர் மேஜிக் நிபுணர், ஏமாற்று வித்தைகளை அம்பலப்படுத்துவதே தொழிலாக இருந்தது. ஒரு விமர்சகர் முன்வந்தார். கேபிள் நிறுவனம் பின்வாங்கியது. சோதனை நடக்கவே இல்லை.

ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று முனகினால் மட்டும் ஒயரைச் சந்தேகிக்கலாம். இரண்டு கருவிகளுக்கு எர்த் இரண்டு வழியில் போனால் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பாட்டுக்குள் புகுந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே பிளக் பாயின்ட்டில் மாட்டிப் பாருங்கள். எர்த் பின்னை மட்டும் உடைக்காதீர்கள், உயிர் போகும்.

கேள்வி: அது கிடக்கட்டும், எக்ஸ்சேஞ்சில் ஏன் பெண்களை வைத்தார்கள்? (இதே அலுவலகத்தின் பக்க வடிவமைப்பாளர்)

பதில்: இதற்காகத்தான் இத்தனை நேரம் காத்திருந்தது! முதலில் பையன்களைத்தான் வைத்தார்கள். சந்தாதாரர்களிடம் எகிறிப் பேசினார்கள், திட்டினார்கள். 1878 செப்டம்பர் 1-ஆம் தேதி போஸ்டனில் எம்மா நட் உலகின் முதல் பெண் ஆபரேட்டராக வேலைக்குச் சேர்ந்தார். சில மணி நேரத்தில் அவருடைய சகோதரி ஸ்டெல்லாவும் சேர்ந்தார்.